ரொறன்ரோ 'பீச்' குழு: வீடற்றோரின் கடைசி மாதங்களுக்கான சேவை எப்படி?

ஒன்ராறியோவில் குணமாகாத நோயோடு வீட்டிலேயே கண்மூட விரும்புபவருக்கு அரச செலவில் பல வசதிகள் உண்டு. தாதி வீட்டுக்கு வருவார். தலைப்பக்கம் உயரும் கட்டில் வந்து இறங்கும். இரவில் திடீரென மூச்சு முட்டினாலோ வலி கூடினாலோ எடுத்துப் பாவிக்க, ஊசி மருந்துகளும் சிறுநீர்க் குழாயும் அடங்கிய பெட்டி ஒன்றை முன்கூட்டியே வீட்டில் வைத்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு முழுக்க ஒரு முகவரி, பூட்டக்கூடிய ஒரு கதவு, உள்ளே பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்ற மூன்றையும் நம்பியிருக்கிறது. வீடற்றோர் தங்கும் ஷெல்ரரின் அடுக்குக் கட்டிலில் படுப்பவருக்கும், பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டிருப்பவருக்கும், தெரிந்தவரின் சோபாவில் ஒதுங்கியிருப்பவருக்கும் இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை.

அந்த இடைவெளியில் இறங்கி வேலை செய்வதுதான் 'பீச்' (PEACH) என்ற நோவுத் தணிப்புச் சேவை, அதாவது குணமாகாத நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு. ஷெல்ரர்களுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் 'இன்னர் சிற்றி ஹெல்த் அசோசியேற்ஸ்' என்ற மருத்துவர் அமைப்புக்குள் மருத்துவர் நஹீத் தொசானி 2014 இல் இதைத் தொடக்கினார். மருத்துவர், தாதி, வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்பவர், ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் கூட அலையும் வழிகாட்டி என ஒரு நடமாடும் குழு. நோயாளி கிளினிக்குக்கு வரவேண்டியதில்லை. அவர் படுக்கும் இடத்துக்குக் குழு போகும். நோயாளியிடம் காசு வாங்குவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷெல்ரரிலோ, பகலில் வந்து போகும் ட்ரொப்-இன் மையத்திலோ, ஆஸ்பத்திரி வார்ட்டிலோ வேலை செய்யும் ஒருவரின் பொறுப்பில் இப்படியொரு நோயாளி இருந்தால், தயங்காமல் இந்தச் சேவைக்குப் பரிந்துரைக்கலாம். சேவைக்கு உள்ளும் புறமும் குறைகள் உண்டு, அவற்றுக்குக் கீழே வருகிறோம். ஆனால் காரியம் கெடுவதற்கு முதல் காரணம் அந்தக் குறைகளல்ல. ஆட்களை நாம் பிந்தி அனுப்புவதுதான்.

இதன் பெரிய பலம், அது கேட்காமல் விடும் கேள்விகள். குடியை விட்டாயிற்றா, போதைப்பொடியை விட்டாயிற்றா, குடும்பத்தில் யார் இருக்கிறார்கள், நிரந்தர முகவரி என்ன என்பவை நுழைவாயிலில் வைக்கும் நிபந்தனைகளாக இல்லை. ஹெல்த் கார்ட் தொலைந்திருப்பதும் தடையில்லை. வீதியில் வாழும் பலரிடம் கார்ட் இராது. பையோடு களவு போயிருக்கும், அல்லது கூடாரத்தை அகற்றிய அன்று குப்பையோடு போயிருக்கும். 'முதலில் கார்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லும் இடத்துக்கு அவர் திரும்பி வரமாட்டார். பார்த்துக்கொண்டே கார்டுக்கு விண்ணப்பிப்பதுதான் சரியான ஒழுங்கு.

எப்போது பரிந்துரைப்பது?

இங்கேதான் நல்ல பணியாளர்களும் பிழை விடுகிறார்கள். நோவுத் தணிப்பு என்றதும் புற்றுநோயாளியை, அதுவும் எலும்பும் தோலுமாகக் கிடப்பவரைத்தான் மனம் தேடுகிறது. வீடற்றோர் மத்தியில் படம் வேறு. ஒட்டாவா மிஷன் ஷெல்ரருக்குள் 2001 இல் தொடங்கிய ஹொஸ்பிஸில் (இறக்கும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இடம்) சேர்ந்த 28 பேரை ஆராய்ந்து 2006 இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் சராசரி வயது 49. நோய்களில் முதலிடம் ஈரலுக்கு, 43 வீதம். எச்ஐவியும் புற்றுநோயும் தலா 25 வீதம்தான்.

ஈரல் செயலிழப்பு புற்றுநோய்போல் ஒரே சீராகச் சரிவதில்லை. வயிறு ஊதும், கண் மஞ்சளாகும், இரத்த வாந்தி எடுப்பார், ஐசியுவுக்குப் போவார், பிழைத்து மறுபடி ஷெல்ரர் வாசலில் வந்து நிற்பார். 'இவர் எத்தனை தரம் போய்வந்துவிட்டார், இதுவும் கடக்கும்' என்ற பழக்கம் பணியாளருக்கு வந்துவிடுகிறது. கடக்காத ஒரு தரம் வரும்போது பேசி வைத்த பேச்சு ஒன்றும் இராது. ஆகவே 'இன்னும் எத்தனை மாதம்?' என்று கேட்டுப் பயனில்லை. 'அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இவர் இறந்தார் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் இத்துறையில் வழக்கம். ஆச்சரியம் இராது என்றால் பரிந்துரைக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரே வருடத்தில் பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர், வயிற்றில் நீர் எடுக்கப் போகிறவர், படி ஏற முடியாமல் கீழ்க் கட்டில் கேட்பவர், உடுப்பு தொளதொளவென்று ஆனவர் ஆகியோரைப் பற்றி இந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்.

ஈரல் நோயில் ஒரு விடயம் மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. உடைந்த ஈரல் வடிகட்டாத அமோனியா மூளைக்கு ஏறினால் பேச்சு குழறும், நடை தடுமாறும், பகலில் தூங்கி இரவில் அலைவார். பார்ப்பவருக்கு அது அச்சொட்டாகக் குடிவெறி. ஷெல்ரர் விதிப்படி வெளியே அனுப்பப்பட்டவர்களில் வெறியில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, வீதியில் வாகனத்தை மறிப்பதுபோல் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். கை நிலையாக நில்லாமல் பட்சியின் சிறகுபோல் திரும்பத் திரும்பத் தொய்ந்து விழுந்தால், குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மருந்து லாக்ருலோஸ் என்ற இனிப்புப் பாணி. ஒரு தடவைக்கு 15 முதல் 30 மில்லிலீற்றர். நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளகிய மலம் போகும்வரை அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். மலிவான, நம்பகமான மருந்து. ஆனால் வீதியில் இருப்பவர் இதை நிறுத்திவிடுவார். மறதி அல்ல காரணம். இரவு ஒன்பது மணிக்குமேல் அவருக்குத் திறந்த மலசலகூடம் கிடையாது. கோப்பியும் வாங்காமல் கோப்பிக் கடை ரொய்லெற்றுக்குப் போக விடமாட்டார்கள். உடுப்பு பழுதானால் மாற்றுடுப்பு இல்லை, அந்த நாற்றத்தோடு ஷெல்ரர் வரிசையில் நிற்பதைவிட மருந்தை விடுவது மேல் என்று அவர் எடுக்கும் முடிவில் நியாயம் இருக்கிறது. இதைத் தெரிந்த குழு குளிசை அட்டவணையைத் திருத்துவதற்கு முன் ரொய்லெற்றுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கேட்கும். பாணியைக் காலையிலும் மத்தியானத்திலும் கொடுத்து இரவு அளவைத் தவிர்க்கும் வழி பார்க்கும். மாற்றுடுப்பும் உறிஞ்சும் உள்ளாடையும் கொண்டுவரும். பீச் போன்ற நடமாடும் குழுவுக்கும் கிளினிக்கில் இருந்தபடி மருந்து எழுதும் மருத்துவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

பரிந்துரையில் நோயின் பெயரைவிட அதிகம் உதவுவது வேறு தகவல்கள்: எந்த ஷெல்ரர், எந்தக் கட்டில் இலக்கம், மத்தியானச் சாப்பாடு எங்கே, எந்தப் பார்மசி, எந்தப் பணியாளரோடு மட்டும் முகம் கொடுத்துக் கதைப்பார், எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். தொலைபேசி இலக்கம் எழுதலாம், ஆனால் அடுத்த கிழமை அந்த இலக்கம் வேறொருவர் கையில் இருக்கும். அவரைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு நேரமும் இடமும் எழுதியிருந்தால் குழுவின் முதல் வருகை வீணாகாது.

மருந்து

வலிக்கு மருந்து கொடுப்பதில் இந்தச் சேவை பெரும்பாலான ஆஸ்பத்திரி வார்ட்டுகளைவிட ஒரு படி மேலே நிற்கிறது. பல வருடம் ஹெரோயினோ, அதே வகை வலிய மருந்தான பென்ரனிலோ பாவித்தவரின் உடம்பு மோர்பினுக்குப் பழகியிருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கும் 5 மில்லிகிராம் மோர்பின் அவருக்குத் தண்ணீர். வலி போகவில்லை என்று மீண்டும் கேட்டால் 'மருந்துக்கு அலைபவர்' என்று குறிப்பில் ஏறும். பிறகு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறுவார், வெளியே வாங்கியதைக் குத்திக்கொள்வார்.

போதைப் பழக்கத்துக்கு மாற்று மருந்தாக மெதடோன் எடுப்பவர்களிடம் இன்னொரு பொறி இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மெதடோன் ஒரு முழு நாளுக்கு உடம்பு நடுக்கத்தைத் தடுக்கும். ஆனால் அதே மருந்து வலியைத் தணிப்பது ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்குத்தான். 'அவர் ஏற்கெனவே மெதடோனில் இருக்கிறாரே' என்று சொல்லி வலிமருந்தை மறுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். சரியான வழி, மெதடோனை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஹைட்ரோமோர்போன் போன்ற வேறொரு வலிமருந்தைச் சேர்ப்பது, அல்லது அதே நாளளவை மூன்றாகப் பிரிப்பது. அவர் பார்மசிக்கு நடக்க முடியாத நாள் வரும் முன்பே வீட்டு விநியோகம்போல் ஷெல்ரர் விநியோகத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தொடர்ந்து சில நாள் தவறினால் பழைய அளவைக் கொடுப்பது ஆபத்து. குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும், அந்த நாட்களில் வலி கட்டுக்கடங்காது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் வெளியே வந்தாலும் பார்மசிக்கு ஒரு அழைப்பு எடுப்பதை யாராவது ஒருவர் பெயரில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

களவு உண்மையான பிரச்சினை. ஒரு மாதத்துக்கான மோர்பின் குளிசைகளைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பவர் இரவில் அடிவாங்குவார். ஆகவே மருந்தையே மறுப்பது என்ற முடிவுக்கு ஏன் பாய வேண்டும்? ஒவ்வொரு நாளுக்கோ இரண்டு மூன்று நாளுக்கோ மட்டும் பார்மசியிலிருந்து கொண்டுவரச் செய்யலாம். நேரத்துக்கு நேரம் பிரித்து அடைத்த பொதி வாங்கலாம். பணியாளர் மேசைக்குப் பின்னால் இலக்கப் பூட்டுப் பெட்டியில் வைக்கலாம். இரவுக்கான இரண்டு குளிசை மட்டும் நோயாளியின் கையில். இவ்வளவுதான் ஏற்பாடு, பெரிய விஞ்ஞானமில்லை.

பென்ரனில் ஒட்டுப்பட்டை பார்ப்பதற்கு வசதியான தீர்வுபோல் தெரியும். 72 மணித்தியாலம் தோலில் இருக்கும், குளிசை எண்ண வேண்டியதில்லை. இவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2016 ஒக்ரோபரிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, பாவித்த பட்டையைப் பார்மசியில் திருப்பிக் கொடுத்தால்தான் அதற்கு ஈடாகப் புதியது கிடைக்கும். பொதுக் குளியலறையில் கழன்று போனது, வியர்வையில் உரிந்து விழுந்தது, பக்கத்துக் கட்டில்காரன் முதுகிலிருந்து உரித்துக்கொண்டது எல்லாம் 'தொலைந்த பட்டை' கணக்கில் வரும். அடுத்ததுக்கு விளக்கம் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அதைவிட மோசம் சூடு. குளிர்காலத்தில் நகர மையத்தில் நிலத்தடிச் சூட்டுக்காற்று வரும் இரும்புக் கம்பிகளின்மேல் படுப்பவர்கள் உண்டு. சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக உடம்பில் இறங்கும், மூச்சு அடங்கிவிடலாம். கொழுப்பும் சதையும் கரைந்த உடம்பில் நேர்மாறாக மருந்து போதியளவு ஏறாமலும் போகும். வெளியே படுப்பவருக்கு வாய்வழி மருந்துதான் உத்தமம். விழுங்க முடியாத கட்டத்தில் தோலுக்கடியில் பொருத்தும் மெல்லிய ஊசிக்குழாய். ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிழமை இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் அவர் கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

இரவு

பகலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். இரவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அது குழுவின் குற்றமுமல்ல. பெரும்பாலான ஷெல்ரர்களில் இரவில் தாதி இல்லை. இருக்கும் பணியாளர் குளிசைப் பொதியை எடுத்துக் கொடுக்கலாம், ஊசி போட முடியாது. தொலைபேசியில் எவ்வளவு நல்ல மருத்துவர் ஆலோசனை சொன்னாலும் ஊசியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அதனால் சாமம் இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் நடப்பது 911 அழைப்புத்தான்.

அந்த அழைப்பு எப்படி முடியும் என்பது மேசையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்ராறியோவில் இதயத்தை மீளத் துடிக்கவைக்கும் முயற்சி வேண்டாம் என்பதை அம்புலன்ஸ்காரருக்குக் காட்ட, வரிசை இலக்கம் அச்சிட்ட ஒரு உறுதிப் படிவம் இருக்கிறது. நோயாளியின் கோப்பில், மருத்துவரின் கணினியில், பகல் பணியாளரின் பூட்டிய லாச்சியில் அது இருந்து பயனில்லை. இரவு மேசையில் கைக்கெட்டும் இடத்தில் ஒன்று, நோயாளியின் கட்டிலருகே உறையில் ஒன்று. படிவம் கிடைக்காத இடத்தில் விலா எலும்பு நொறுங்க மார்பை அழுத்தும் வேலை தொடங்கிவிட வாய்ப்பு அதிகம்.

நலொக்சோன் இன்னொரு சங்கடம். அளவுமீறிய போதையால் மூச்சடங்குபவரைக் காப்பாற்ற இதை மூக்கில் அடிக்க ஷெல்ரர்ப் பணியாளர்கள் பழக்கப்பட்டவர்கள். அந்தப் பழக்கம் எத்தனையோ உயிரைக் காத்தது. அதே மருந்தை, மோர்பினில் அமைதியாக இறந்துகொண்டிருப்பவருக்கு அடித்தால் மாதக்கணக்கில் அடக்கி வைத்த வலி முழுவதும் ஒரே நிமிடத்தில் திரும்பும். ஆனால் 'இவருக்கு நலொக்சோன் வேண்டாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஒட்டுவதும் பிழை. இன்னும் பல மாதம் இருக்கக்கூடியவர் வெளியே வாங்கியதைக் குத்தி மூச்சடங்கினால் அவருக்கு அது தேவை. எந்தத் திகதியிலிருந்து, எந்த நிலையில், யார் சொல்லி என்பதைக் குழு எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு கிழமையும் புதுப்பிக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது ஷெல்ரர் மேலாளரின் வேலை. கேட்டால் கொடுப்பார்கள்.

யார் கையெழுத்துப் போடுவது?

நோயாளிக்கு நினைவு தப்பியபின் முடிவெடுப்பவர் யார் என்பதை ஒன்ராறியோவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. நீதிமன்றம் நியமித்தவர், நோயாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர், இதற்கான மாகாணச் சபை நியமித்த பிரதிநிதி, துணைவர், பிள்ளைகளும் பெற்றோரும், சகோதரர், பிற உறவினர், ஒருவரும் இல்லையென்றால் அரச பொதுப் பாதுகாவலர். வீதியில் பத்து வருடம் ஒன்றாகப் படுத்தெழும்பி, இருமினால் எழும்பித் தண்ணீர் கொடுத்த நண்பருக்கு, நண்பர் என்ற அளவில், இந்த வரிசையில் இடமில்லை; ஒரு வருடமாவது ஒன்றாக வாழ்ந்து ஒருவருக்கொருவர் மிக நெருங்கியவராக இருந்ததைக் காட்ட முடிந்தால் மட்டும் துணைவர் கணக்கில் வரலாம். இருபது வருடமாகக் காணாத தமையன் வேறு மாகாணத்திலிருந்து தொலைபேசியில் 'எல்லாம் செய்யுங்கள்' என்று சொன்னால் பெரும்பாலும் அவர் சொல்தான் செல்லும்.

இதை மாற்ற ஒரு தாள் போதும்: தனிப்பட்ட பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரம். சட்டத்தரணி தேவையில்லை, அரச படிவம் இலவசம், இரண்டு சாட்சிகள் முன்னால் நோயாளி கையெழுத்திட வேண்டும். அதிகாரம் பெறுபவரோ அவரின் துணைவரோ சாட்சியாக நிற்க முடியாது. பல இடங்களில் சறுக்குவது எங்கேயென்றால், நோயாளி தனக்கு மிகவும் பிடித்த ஷெல்ரர்ப் பணியாளரின் பெயரை எழுதிவிடுவார். சம்பளத்துக்குப் பராமரிப்போ தங்குமிட சேவையோ கொடுப்பவர், உறவினராக இல்லாவிட்டால், அந்தப் பொறுப்பை ஏற்கச் சட்டம் விடாது. மனமும் நினைவும் தெளிவாக இருக்கும் காலத்தில், அதாவது அமோனியா ஏறாத ஒரு காலை வேளையில், இதை முடித்துவிட வேண்டும். பீச் இந்தப் பேச்சைப் பின்போடுவதில்லை; அதற்கு ஒரு புள்ளி கூடப் போடலாம்.

கட்டில்கள், ஒட்டாவா, குடி

ஷெல்ரரில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மலசலகூடம். தானாக எழும்பிப் போய்வர முடியாத நாளில், உதவி செய்ய ஆளில்லாத ஷெல்ரர் அவரை வைத்திருக்க முடியாது. நோவுத் தணிப்பில் பாவிக்கும் பத்துப் பத்தாக இறங்கும் அளவுகோலில் இது ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட படி. ஐம்பதில் பெரும்பாலும் இருந்தபடி, நாற்பதில் பெரும்பாலும் படுத்தபடி. ஹொஸ்பிஸ் கட்டிலுக்கான விண்ணப்பம் ஐம்பதில் போயிருக்க வேண்டும். நாற்பதில் யோசிக்கத் தொடங்கினால் அவர் இறப்பது அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில்தான்.

ரொறன்ரோவில் இவர்களுக்கென்றே 2018 இல் 'ஜேர்னி ஹோம் ஹொஸ்பிஸ்' நான்கு கட்டில்களோடு திறந்து, பிறகு பத்தாக வளர்ந்தது. பத்துக் கட்டில், இந்த நகரத்துக்கு! சாதாரண ஹொஸ்பிஸ்கள் சட்டப்படி யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் இறக்கக்கூடியவர் என்ற கணக்கு, வாசலில் புகைக்கும் விதி, வருபவர் போகிறவர் பற்றிய கவலை எல்லாம் சேர்ந்து தள்ளிவிடும். இன்னொரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. சுத்தமான கட்டிலும் மூன்று நேரச் சாப்பாடும் நேரத்துக்கு மருந்தும் கிடைத்ததும் சிலர் தேறிவிடுவார்கள். இறக்க வந்தவர் இறக்கவில்லை. கட்டிலை விட வேண்டும். போக இடம் மறுபடியும் வீதி. வீட்டு வசதிப் பட்டியலில் அவரின் பெயரை ஹொஸ்பிஸில் சேரும் அன்றே பதிந்து வைப்பது இதற்காகத்தான்.

ஒட்டாவா இதில் வேறு வழி போனது. ஷெல்ரரையும் ஹொஸ்பிஸையும் ஒரே கூரைக்குள் வைத்தது. பழகிய முகங்கள், பழகிய சமையலறை, நண்பர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து பார்க்கலாம். மேலே சொன்ன 28 பேர் சராசரியாக 120 நாள் அங்கே இருந்தார்கள்; வேறு இடங்களில் வைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவோடு ஒப்பிட்டு 13 இலட்சத்து 90 ஆயிரம் டொலர் மிச்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே ஊரில் நாட்பட்ட குடியாளர்களுக்குக் குடியையே அளந்து கொடுக்கும் திட்டமும் ஓடியது: கேட்டால் மணிக்கொரு தரம் 140 மில்லிலீற்றர் வைன், அல்லது 90 மில்லிலீற்றர் ஷெரி; காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணிவரை. 17 பேரிடம் செய்த ஆய்வில், அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, மாதாந்த அவசர சிகிச்சை வருகைகள் சராசரி 13.5 இலிருந்து 8 ஆகவும், பொலிசோடு முட்டியது 18.1 இலிருந்து 8.8 ஆகவும் குறைந்தன.

நம் ஆட்கள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். 'சாகப்போகிறவனுக்குச் சாராயமா?' என்று கேட்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருடம் குடித்த உடம்பிலிருந்து குடியைத் திடீரெனப் பிடுங்கினால் வலிப்பும் பிதற்றலும் வரும், உயிரும் போகும். பிடுங்காவிட்டாலும் அவர் தேடிப் போவார். கை கழுவும் அற்ககோலையும் வாய் கொப்பளிக்கும் மருந்தையும்கூடக் குடிப்பார். அளந்து கொடுத்தால் மோர்பின் அளவைத் தாதி கணிக்க முடியும். கனடாவின் ஹொஸ்பிஸ்கள் ஒட்டாவாவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது என்பது எமது கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. வீடற்றவர் என்றால் கூடாரத்தில் இருப்பவர் மட்டுமல்ல. மகன் வீட்டில் மனஸ்தாபம் வந்து ஸ்கார்பரோவில் தெரிந்தவரின் பேஸ்மென்ரில் பாய் விரித்திருக்கும் ஐயாவும் அந்தக் கணக்கில் வருவார். ஸ்பொன்சரில் நிரந்தரமாக வந்தவருக்கு ஓஹிப் என்ற மாகாண அரச மருத்துவக் காப்புறுதி உண்டு; பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் சுப்பர் விசாவில் வந்தவருக்கு இல்லை, அவரின் தனியார் காப்புறுதி எப்போது முடிகிறது என்பதைப் பரிந்துரையிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மனஸ்தாபப்பட்ட மகனை வைத்து மொழிபெயர்த்தால் ஐயா வலியையே ஒத்துக்கொள்ள மாட்டார்.

இறப்புக்குப் பிறகு நடப்பதில் பீச் மற்றச் சேவைகளைவிடக் கவனமாக இருக்கிறது. ஒருவர் இறந்தபின் ஷெல்ரர்ப் பணியாளர்களை ஒன்றாக இருத்தி, இறந்தவரைப் பற்றிக் கதைக்க வைக்கும் துக்க வட்டங்களை இந்தக் குழு நடத்துகிறது. பகலில் இப்படி வைத்தால் இரவுப் பணியாளரால் கலந்துகொள்ள முடியாது, பெரும்பாலும் கடைசி மூச்சைப் பார்த்தவர் அவராகவே இருப்பார். ஏற்பாடு செய்யும் மேலாளர், வேலை மாறும் நேரத்தில், மாலையில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். இறுதிக் கிரியைக்குக் காசில்லாதவருக்கு ரொறன்ரோ நகரசபையின் உதவி இருக்கிறது. மரணச் சடங்கு நிலையத்தோடு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே நகரசபையோடு கதைத்துவிட வேண்டும். எரிப்பதா புதைப்பதா என்பதை அவர் உயிரோடு இருக்கும்போது கேட்டுக் கோப்பில் எழுதி வைத்திருந்தால் அந்த உரையாடல் ஐந்து நிமிடத்தில் முடியும். ஹோலி ரினிற்றி தேவாலயத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடற்று இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள். அங்கே பட்டியலில் பெயர் தெரியாதவர்களும் ஏராளம். உங்கள் நோயாளியின் சரியான பெயரையும் எழுத்துக்கூட்டலையும் ஷெல்ரர் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.